பத்து வரிகளுக்கு ஓர் உரை

1

எங்கள் துறை மாணவர்கள் பல ஆண்டுகளாக நடத்திவந்த கையெழுத்து இதழ்கள் ஒரு மரப்பீரோவில் கிடக்கின்றன. அவற்றை ஸ்கேன் செய்து ஒரு வலைத்தளத்தில் சேர்க்க வேண்டும் என்பது என் நெடுநாளைய விருப்பம். முன்னாள் மாணவர் ஒருவர் அப்பணியை விரும்பி ஏற்றுக்கொண்டார். தமிழ் இலக்கியம் படித்துவிட்டு இப்போது நிரல் எழுதிப் பிழைப்பவர் அவர். தளத்துக்குத் தனியாகக் கடவுச்சொல் வேண்டாம், கல்லூரி மின்னஞ்சல் கணக்கைக் கொண்டே உள்ளே நுழையலாம் என்று திட்டமிட்டோம். நுழைவுக்கான நிரல் நூலகம் ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது. அதற்குரிய அமைப்புகளை எழுதினால் போதும். மொத்தம் பத்தே வரிகள்.

அந்தப் பத்து வரிகள் எங்களுடைய இரண்டு மாலைகளை விழுங்கின. ஒவ்வொரு முறையும் நான் என் கடவுச்சொல்லை அடிப்பேன். திரையில் ஒரு பிழைச்செய்தி வரும். இரண்டாம் நாள் இரவு காரணம் தெரிந்தது. திரும்பும் முகவரியின் கடைசியில் ஒரு சாய்கோடு கூடுதலாக இருந்தது.

"ஒரு சாய்கோட்டுக்காகவா இரண்டு நாள்?" என்று கேட்டேன்.

"ஆமாங்கய்யா. அங்கே பதிவு செஞ்ச முகவரியும் இங்கே எழுதற முகவரியும் ஓர் எழுத்துகூட மாறக் கூடாது."

"ஏன் கூடாது?"

"அப்படித்தாங்கய்யா விதி. மாதிரியைப் பார்த்துத்தான் நானும் எழுதினேன்."

வகுப்பறையில் எத்தனையோ முறை நான் கேட்ட பதில் இது. நூற்பாவை மனப்பாடம் செய்துவிட்டு, அதில் ஒரு சொல் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டால் விழிக்கிற மாணவனின் பதில். உரையாசிரியர்கள் இல்லாமல் நூற்பா நமக்கு எவ்வளவு விளங்கும்? அந்தப் பத்து வரிகளும் எனக்கு நூற்பாக்களாகவே தோன்றின. வழங்குநரின் முகவரி, செயலியின் அடையாளம், திரும்பும் முகவரி, வெளியேறியபின் திரும்பும் முகவரி, பதிலின் வகை, வரம்பு, டோக்கனைச் சேமிக்கும் இடம், தானாகப் புதுப்பித்தல், புதுப்பிப்புக்கான முகவரி, கடிகார விலகல் என்பன அவை. இவற்றின் உரையைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். படித்தது அறுபது ஆண்டு வரலாறாக விரிந்தது. பெரும்பாலான வரிகளுக்குப் பின்னே எங்கோ, எவரோ ஏமாந்த கதை ஒன்று இருக்கிறது.

2

கணினிக்குள் கடவுச்சொல் நுழைந்தது 1960களின் தொடக்கத்தில். அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் ஃபெர்னாண்டோ கோர்பட்டோ தலைமையில் சி.டி.எஸ்.எஸ். என்ற காலப்பகிர்வு அமைப்பு உருவானது. 1961 நவம்பரில் அதன் முதல் செயல்விளக்கம் நடந்தது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த அது வழிசெய்தது. பலர் புழங்கும் வீட்டில் அவரவர் பெட்டிக்கு அவரவர் பூட்டு வேண்டும் அல்லவா? கோர்பட்டோவின் குழுவினர் ஆளுக்கொரு கடவுச்சொல் கொடுத்தார்கள்.

பூட்டு வந்த கையோடு அதை மீறுதலும் வந்தது. ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்கு வாரத்துக்கு 4 மணி நேரமே கணினி ஒதுக்கப்பட்டிருந்தது. அவருடைய ஆய்வுக்கு அது போதவில்லை. 1962 வசந்த காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, கடவுச்சொற்கள் இருந்த கோப்பை அச்சிடும்படி துளையட்டை ஒன்றில் கோரிக்கை வைத்தார். மறுநாள் அதிகாலையில் போய் அச்சுத்தாளை எடுத்துக்கொண்டார். இதை அவரே பல பத்தாண்டுகளுக்குப் பின் வெளிப்படையாகச் சொன்னார். 1966இல் நடந்ததோ இன்னும் வேடிக்கை. திருத்தியின் பிழையொன்றால் இரண்டு கோப்புகள் இடம் மாறிவிட்டன. அன்றைய அறிவிப்பு வர வேண்டிய இடத்தில், உள்ளே நுழைந்தோர் அனைவருக்கும் எல்லாருடைய கடவுச்சொற்களும் அச்சாகிக் காட்டப்பட்டன.

கடவுச்சொல்லை அப்படியே எழுதிவைப்பதுதான் குற்றம் என்று உணர்ந்தவர் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் இருந்த ரோஜர் நீடம். ஒருவழிச் சார்பு என்ற கணிதக் கருவியை அவர் கையில் எடுத்தார். அரைத்த மாவிலிருந்து அரிசியை மீட்க முடியாது. அதேபோல, அரைத்துவைத்த கடவுச்சொல்லிலிருந்து மூலத்தை மீட்க முடியாது. பயனர் சொல்வதை மறுபடியும் அரைத்து, பழைய மாவோடு ஒப்பிட்டால் போதும். 1960களின் பிற்பகுதியில் பிறந்த இந்த யோசனை இக்கட்டுரையில் பின்னர் ஒருமுறை திரும்பி வரும்.

3

ஒரு கணினி இருந்த இடத்தில் நூறு கணினிகள் வந்தபோது சிக்கலின் உருவமே மாறியது. நூறு வாசலிலும் ஒருவன் தன் கடவுச்சொல்லைச் சொல்ல வேண்டுமா? அப்படிச் சொல்லும் ஓசை கம்பிவழியே போகும்போது இடையில் ஒருவன் ஒட்டுக்கேட்டால் என்ன ஆகும்?

1978 டிசம்பரில் நீடமும் மைக்கேல் ஷ்ரோடரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒற்றை உள்நுழைவின் விதை அதில்தான் இருக்கிறது. ஒருவரையொருவர் அறியாத இருவருக்கு நடுவே, இருவரும் நம்பும் மூன்றாமவர் ஒருவரை நிறுத்து என்பதே அதன் சாரம். அந்த மூன்றாமவர் மறையீடு செய்த ஒரு சான்றைத் தருவார். அதைக் கொண்டு இருவரும் ஒருவரையொருவர் உறுதிசெய்துகொள்ளலாம்.

நமக்கு இது புதிதன்று. அசோகவனத்தில் சீதை அனுமனை எப்படி நம்பினாள்? அரக்கர்கள் எவ்வுருவும் எடுக்கக் கூடியவர்கள். இராமனிடமிருந்து வந்த கணையாழியே அவளது ஐயத்தை அகற்றுகிறது. அவள் கொடுத்தனுப்பும் சூடாமணி, அனுமன் மெய்யாகவே அவளைக் கண்டான் என்பதற்கு மறுபக்கச் சான்றாகிறது. இருபுறமும் சான்று வேண்டும் என்பதைக் கணினியாளர்கள் 'பரஸ்பர உறுதிப்பாடு' என்கிறார்கள். காவியத்துக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது.

நீடமும் ஷ்ரோடரும் தங்கள் கட்டுரையின் முடிவிலேயே ஓர் எச்சரிக்கை வைத்தார்கள்: இவ்வகை நெறிமுறைகளில் மிக நுட்பமான பிழைகள் ஒளிந்திருக்கக்கூடும், அன்றாடப் பயன்பாட்டில் அவை வெளிப்படமாட்டா என்று. அந்த எச்சரிக்கை அவர்கள் மீதே பலித்தது. களவுபோன ஒரு பழைய திறவுகோலைக் கொண்டு பின்னொரு நாளில் ஆள்மாறாட்டம் செய்யலாம் என்று 1981இல் டென்னிங், சாக்கோ இருவரும் காட்டினார்கள். அதே கட்டுரையிலிருந்த மற்றொரு நெறிமுறையின் ஓட்டையை 1995இல் கேவின் லோ கண்டுபிடித்தார். பதினேழு ஆண்டுகள் எல்லாரும் படித்த கட்டுரை அது.

டென்னிங்கும் சாக்கோவும் சொன்ன மருந்து எளியது: சான்றின் மீது நேரத்தைப் பொறித்துவிடு. நேரத்தைப் பொறித்தால், இருபுறக் கடிகாரங்களும் ஒத்திருக்க வேண்டும். எங்கள் பத்து வரிகளில் கடைசி வரியான 'கடிகார விலகல்' வந்த வழி இதுதான். பழைய ஓஐடிசி-கிளையன்ட் நூலகத்தில் அதன் இயல்பு மதிப்பு 300 விநாடி, அதாவது ஐந்து நிமிடம். அடுத்து வரும் கெர்பரோஸ் அமைப்பிலும் வழக்கமாக அனுமதிக்கப்படும் விலகல் அதே ஐந்து நிமிடம்தான்.

1983இல் எம்.ஐ.டி., டிஜிட்டல், ஐ.பி.எம். நிறுவனங்களோடு சேர்ந்து 'அதீனா திட்டம்' என்ற ஒன்றைத் தொடங்கியது. வளாகமெங்கும் பொதுக் கணினிகள். எந்த மாணவரும் எதிலும் அமரலாம். பொதுக் கணினியை நம்ப முடியாது, இடையில் ஓடும் கம்பியையும் நம்ப முடியாது. இந்த இரண்டு அவநம்பிக்கைகளுக்கு நடுவே ஸ்டீவ் மில்லர், கிளிஃபோர்ட் நியூமன் முதலியோர் கட்டிய அமைப்பே கெர்பரோஸ். கிரேக்கப் புராணத்தில் பாதாள உலகின் வாசலைக் காக்கும் மூன்று தலை நாயின் பெயர் அது. பயனர், சேவை, இருவருக்கும் நடுவில் நிற்கும் மூன்றாமவர் என்று இங்கும் மூன்று தலைகள்.

இலக்கிய வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இந்த அமைப்பின் வடிவமைப்பை விளக்க 1988இல் பில் பிரையண்ட் ஒரு நாடகம் எழுதினார். நான்கு காட்சிகள், இரண்டு பாத்திரங்கள். அதீனா என்பவள் அமைப்பை வடிவமைக்கிறாள்; யூரிப்பிடிஸ் என்பவன் குறை காண்கிறான். அவள் ஒரு வழி சொல்கிறாள். அதில் உள்ள ஓட்டையை அவன் காட்டுகிறான். அவள் போய் யோசித்துவிட்டு அடுத்த காட்சியில் திரும்பி வருகிறாள். ஒவ்வொரு சேவைக்கும் கடவுச்சொல் கேட்டால் மனிதர்கள் சலித்துப்போவார்கள் என்கிறான். சீட்டு வாங்குவதற்கே ஒரு சீட்டு என்ற ஏற்பாடு பிறக்கிறது. சீட்டைத் திருடினால் என்ன செய்வாய் என்கிறான். சீட்டுக்கு ஆயுள் விதிக்கப்படுகிறது. ஆயுள் முடிவதற்குள் திருடன் பயன்படுத்தினால் என்று மீண்டும் கேட்கிறான். இறுதியில் சேவையும் தன் உண்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்ற இடத்துக்கு இருவரும் வந்து சேர்கிறார்கள். தடையும் விடையுமாக நகரும் இந்த முறை நம் உரைநூல் மரபைப் படித்தவர்களுக்கு நன்கு பழக்கமானது. கடினமான ஒரு கணினி அமைப்பை இதைவிடத் தெளிவாக விளக்கிய எழுத்தை நான் கண்டதில்லை.

காலையில் ஒரு முறை கடவுச்சொல். அதன்பின் ஒரு வேலைநாள் முழுவதும் சீட்டுகள் பேசிக்கொள்ளும். இதுவே ஒற்றை உள்நுழைவு. 2000ஆம் ஆண்டு வெளிவந்த விண்டோஸ் 2000, கெர்பரோஸை ஏற்றுக்கொண்டபின் உலகின் அலுவலகங்களில் அது பரவியது.

4

கெர்பரோஸ் ஒரு மதிலுக்குள் வாழ்வது. ஒரு பல்கலைக்கழகம், ஒரு நிறுவனம் என்றால் நடுவர் யார் என்பதில் வழக்கில்லை. இணையம் மதில் அற்றது. அங்கே நடுவர் யார்?

நானே என்றது மைக்ரோசாஃப்ட். 1999இல் 'பாஸ்போர்ட்' சேவை வந்தது. ஒரு கணக்கிருந்தால் பல தளங்களுக்குள் நுழையலாம். அதே ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹாட்மெயில் பயனர்கள் பலர் தங்கள் அஞ்சலைத் திறக்க முடியாமல் திகைத்தார்கள். பாஸ்போர்ட் தளத்தின் பெயருக்கான பதிவுக் கட்டணம் 35 டாலரைக் கட்ட நிறுவனம் மறந்துவிட்டிருந்தது. சற்றும் தொடர்பில்லாத ஒரு லினக்ஸ் நிரலாளர் தம் கடனட்டையில் அத்தொகையைச் செலுத்தினார், கதவு திறந்தது. எல்லா வாசல்களுக்கும் ஒரே பூட்டு என்பதன் மறுபக்கத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல இயலாது.

2001 நவம்பரில் அதன் பணப்பை வசதியில் கடுமையான ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. 2002 ஆகஸ்டில் அமெரிக்க வணிக ஆணையம், பாஸ்போர்ட்டின் பாதுகாப்பு குறித்து நிறுவனம் மெய்யல்லாத உறுதிகளை அளித்ததாகக் குற்றம்சாட்டியது. வழக்கு ஓர் உடன்பாட்டில் முடிந்தது. ஈபே 2005 ஜனவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு மைக்ரோசாஃப்டிலேயே பணியாற்றிய கிம் கேமரன் 'அடையாளத்தின் விதிகள்' என்று ஏழு விதிகளை எழுதினார். ஒரு பரிமாற்றத்தில் இடம்பெறும் ஒவ்வொருவருக்கும் அங்கே இருக்க நியாயமான காரணம் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. நான் என் கடையில் பொருள் வாங்கும்போது இடையில் மைக்ரோசாஃப்ட் ஏன் நிற்கிறது என்ற கேள்விக்கு விடையில்லாமற் போனதே பாஸ்போர்ட்டின் தோல்வி.

கல்விக்கூடங்கள் வேறொரு வழி கண்டன. 'இன்டர்நெட்2' அமைப்பு 2000இல் தொடங்கிய திட்டத்தின் பெயர் ஷிபோலேத். ஒரே நடுவர் வேண்டாம்; ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் மாணவருக்குத் தானே சாட்சி சொல்லட்டும்; அந்தச் சாட்சியை மற்றவர்கள் ஏற்கட்டும். இந்தச் சாட்சியை எழுதும் மொழி 'சாமல்' எனப்பட்டது. அதன் முதற் பதிப்பு 2002இலும் இரண்டாம் பதிப்பு 2005இலும் வந்தன. குஜராத்தின் காந்திநகரில் உள்ள இன்ஃப்லிப்நெட் மையம் நடத்தும் 'இன்ஃபெட்' கூட்டமைப்பின் வழியாக நம் பல்கலைக்கழகங்கள் மின்னிதழ்களுக்குள் நுழைவதும் இவ்வழியேதான்.

பெயரின் கதை விவிலியத்தில், நியாயாதிபதிகள் ஆகமத்தின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. போரில் தோற்ற எப்பிராயீமியர் யோர்தான் துறைகளைக் கடந்து தப்ப முயல்கிறார்கள். துறையில் நின்ற கீலேயாத்தியர் ஒவ்வொருவரையும் 'ஷிபோலேத்' என்று சொல்லச் சொல்கிறார்கள். எப்பிராயீமியர் நாவில் 'ஷி' வராது. 'சிபோலேத்' என்றவர்கள் கொல்லப்பட்டார்கள். மாண்டவர் 42,000 பேர் என்கிறது அந்நூல். ழகரத்தை வைத்து மனிதர்களை எடைபோடும் நமக்கு இது அந்நியமான கதை அன்று. உள்ளே யாரை விடுவது என்ற கேள்வி எப்போதுமே யாரை வெளியே நிறுத்துவது என்ற கேள்வியாகவும் இருந்திருக்கிறது.

5

2005 மே மாதம் லைவ்ஜர்னல் தளத்தை உருவாக்கிய பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் மற்றொரு வழி காட்டினார். வலைப்பதிவுகளில் பின்னூட்டம் இட ஒவ்வோரிடத்திலும் கணக்குத் தொடங்குவானேன்? உன் வலைப்பதிவின் முகவரியே உன் பெயராக இருக்கட்டும். அது உன்னுடையது என்று நீ காட்டினால் போதும். இதுவே ஓபன்ஐடி. நடுவரை நானே தேர்ந்துகொள்ளலாம், விரும்பினால் நானே நடுவராகலாம் என்பது அதன் கனவு. அழகான கனவு. ஆனால் தன் பெயரைக் கேட்டால் வலைமுகவரியைச் சொல்லும் பழக்கம் மனிதர்களுக்கு வரவில்லை.

அதே காலத்தில் ஒரு தீய வழக்கம் பரவிக்கொண்டிருந்தது. புதிய சமூகத் தளங்கள், "உங்கள் நண்பர்களைக் கண்டறிய உங்கள் மின்னஞ்சல் கடவுச்சொல்லைத் தாருங்கள்" என்று கூசாமல் கேட்டன. கோடிக்கணக்கானோர் கொடுக்கவும் செய்தார்கள். முகவரி ஏட்டைக் காட்டுவதற்காக வீட்டுச் சாவியையே கொடுப்பது போன்றது இது. இதைத் தடுக்க 2007இல் உருவானது ஓஆத். சாவிக்கு மாற்றாக, இன்ன காரியத்துக்கு மட்டும் என்று வரையறுத்த ஒரு டோக்கன். எங்கள் பத்து வரிகளில் 'வரம்பு' என்ற வரி இங்கிருந்து வருகிறது. பெயரும் மின்னஞ்சலும் போதும் என்று அதில் எழுதியிருக்கிறோம். மாணவரின் அஞ்சற்பெட்டியைப் படிக்கும் உரிமையை எங்கள் தளம் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது.

2009 ஏப்ரலில் ஓஆத்தின் முதற் பதிப்பில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. தாக்குபவன் அனுமதி கோரும் சடங்கைத் தானே தொடங்குவான். பாதியில் நிறுத்தி, அந்த இணைப்பை மற்றொருவருக்கு அனுப்புவான். அவர் உண்மையான தளத்தில், உண்மையான திரையைப் பார்த்து, சரி என்று அழுத்துவார். தாக்குபவன் மீதியை முடித்து அவருடைய கணக்குக்குள் நுழைந்துவிடுவான். திரையில் பொய் எதுவும் இல்லை. தொடங்கியவனும் முடித்தவனும் ஒருவனா என்று எவரும் கேட்காததே பிழை. அதன்பின் வந்த திருத்தத்தில், திரும்பும் முகவரியைத் தொடக்கத்திலேயே அறிவித்துவிட வேண்டும் என்ற விதி வந்தது.

2012 அக்டோபரில் இரண்டாம் பதிப்பு வெளியானது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன், அப்பணியின் முதன்மை ஆசிரியராக இருந்த எரான் ஹேமர் தம் பெயரை நீக்கிக்கொண்டு விலகினார். நெறிமுறை மிகவும் தளர்ந்துவிட்டது, எழுதுவோர் கையில் அளவுக்கு மீறிய முடிவுகள் விடப்பட்டுள்ளன என்பது அவருடைய குறை. அவர் அஞ்சியதில் உண்மை இருந்தது.

திரும்பும் முகவரியையே எடுத்துக்கொள்வோம். முகவரியின் முற்பகுதி ஒத்திருந்தால் போதும் என்று சில வழங்குநர்கள் தளர்த்தினார்கள். அதே தளத்தில், வந்தவரை வேறிடத்துக்குத் திருப்பிவிடும் ஒரு பக்கம் இருந்தால், டோக்கன் அதன்வழியே திருடன் வீட்டுக்குப் போய்விடும். ஆண்டுக்கணக்காக இவ்வழியில் களவுகள் நடந்தன. 2025 ஜனவரியில் வெளியான பாதுகாப்பு நடைமுறை ஆவணம், பதிவு செய்த முகவரியும் வரும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும் என்று உறுதியாக விதித்தது. எங்கள் இரண்டு மாலைகளை விழுங்கிய சாய்கோட்டின் உரை இது. தளர்த்தியதால் களவு நடந்தது, ஆதலால் இறுக்கினார்கள்.

6

ஓஆத் அனுமதிக்கான ஏற்பாடு. ஆள் யார் என்று சொல்வதற்கானது அன்று. ஆனால் பலர் அதையே நுழைவுக்கும் பயன்படுத்தினார்கள். ஒரு விளையாட்டுத் தளம் என்னிடம் வாங்கிய டோக்கனை எடுத்துக்கொண்டு போய் வேறொரு தளத்தில் 'நான்தான் அவர்' என்று நீட்டினால், பல தளங்கள் நம்பின. சான்று உண்மையானது, யாருக்காக எழுதப்பட்டது என்பதே அதில் இல்லை. 2014 பிப்ரவரியில் வெளிவந்த 'ஓபன்ஐடி கனெக்ட்' இதைச் சரிசெய்தது. அதன் அடையாள டோக்கனில் எழுதியவர் யார், யாரைப் பற்றியது, யாருக்காக, எந்நேரம் வரை என்று எல்லாமே எழுதப்பட்டு முத்திரையிடப்பட்டிருக்கும். எங்கள் இரண்டாம் வரியான 'செயலியின் அடையாளம்', அந்த 'யாருக்காக' என்பதோடு ஒப்பிடுவதற்கே இருக்கிறது. முதல் வரியான வழங்குநரின் முகவரி 'எழுதியவர் யார்' என்பதோடு ஒப்பிடுவதற்கு.

முத்திரையிலும் விபத்து நேர்ந்தது. டோக்கனில் முத்திரையின் வகையைக் குறிப்பிட ஓர் இடம் உண்டு. அங்கே 'எதுவுமில்லை' என்று எழுதி அனுப்பினால் சில நூலகங்கள் முத்திரையைச் சோதிக்காமலே ஏற்றுக்கொண்டன என்று 2015இல் தெரியவந்தது. முத்திரை இல்லை என்று ஓலையே சொல்கிறது, ஆகவே முத்திரை பார்க்க வேண்டியதில்லை என்ற தருக்கம். சிரிக்கலாம், ஆனால் அதை எழுதியவர்கள் மூடர்கள் அல்லர்.

'பதிலின் வகை' என்ற வரிக்கு வருவோம். உலாவிக்குள்ளேயே ஓடும் செயலிகளுக்கென்று ஒரு குறுக்குவழி இருந்தது. டோக்கனை நேராக முகவரியின் வாலில் ஒட்டி அனுப்பிவிடும் முறை அது. வேற்றுத் தளத்தை உலாவி நேரடியாக அழைப்பதில் அன்றிருந்த தடைகளால் அது தேவைப்பட்டது. முகவரியில் இருப்பது உலாவியின் வரலாற்றில் தங்கும். பிறர் கண்ணில் படும். தடைகள் நீங்கிய பின்னும் குறுக்குவழி நீடித்தது.

மாற்று வழி 2015 செப்டம்பரில் கைப்பேசிச் செயலிகளுக்காக வகுக்கப்பட்டது. செயலி முதலில் ஓர் இரகசியத்தைத் தனக்குள் உருவாக்கும். அதை ஒருவழிச் சார்பில் அரைத்து, மாவை மட்டும் வழங்குநரிடம் கொடுக்கும். வழங்குநர் ஒரு குறியீட்டைத் திருப்பி அனுப்புவார். அக்குறியீட்டை டோக்கனாக மாற்றும்போது செயலி மூல இரகசியத்தைக் காட்டும். அரைத்துப் பார்த்து ஒத்தால் மட்டுமே டோக்கன். நடுவில் குறியீட்டைத் திருடியவனுக்கு மூலம் தெரியாது. தொடங்கியவனும் முடித்தவனும் ஒருவனா என்ற 2009ஆம் ஆண்டுக் கேள்விக்கு இங்கே பதில் சொல்வது நீடம் கண்ட அதே மாவுதான். எங்கள் நூலகம் இதைத் தானாகவே செய்துவிடுகிறது. 2025 ஆவணம் பழைய குறுக்குவழியைத் தவிர்க்கச் சொல்கிறது.

'தானாகப் புதுப்பித்தல்' என்ற வரியும் இடம் பெயர்ந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஒரு சட்டகத்துக்குள் வழங்குநரின் பக்கத்தைத் திறந்து, அங்குள்ள குக்கியின் உதவியால் புது டோக்கன் வாங்குவது பழைய வழக்கம். விளம்பர நிறுவனங்கள் அதே வகைக் குக்கிகளால் மனிதர்களைப் பின்தொடர்ந்தன. 2020 மார்ச்சில் ஆப்பிளின் சஃபாரி உலாவி மூன்றாம் தரப்புக் குக்கிகள் அனைத்தையும் தடுத்தது. வேவு பார்ப்பவனுக்கு அடைத்த வாசலில் நல்லவனும் மாட்டிக்கொண்டான்.

7

2023 ஜூனில் அமெரிக்க வெளியுறவுத் துறையினர் தங்கள் அஞ்சல் அமைப்பில் விசித்திரமான நடமாட்டத்தைக் கவனித்தார்கள். விசாரணையில் தெரிந்தவை திகைக்கவைப்பன. மைக்ரோசாஃப்டின் முத்திரைத் திறவுகோல் ஒன்று எவ்வாறோ களவுபோயிருந்தது. 2016இல் உருவாக்கப்பட்டது அது. சீனாவைச் சார்ந்தது என்று மைக்ரோசாஃப்ட் கூறிய ஒரு குழு, அந்த முத்திரையால் தானே டோக்கன்களை எழுதிக்கொண்டது. 22 நிறுவனங்கள், 500க்கும் மேற்பட்ட மனிதர்களின் அஞ்சல்கள் திறக்கப்பட்டன. வெளியுறவுத் துறையிலிருந்து மட்டும் ஏறத்தாழ 60,000 மின்னஞ்சல்கள் போயின. எவருடைய கடவுச்சொல்லும் தேவைப்படவில்லை.

அந்த முத்திரை தனிமனிதக் கணக்குகளுக்கானது. நிறுவனக் கணக்குகளைத் திறந்திருக்கவே கூடாது. ஏன் திறந்தது? அவ்வாண்டு செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் தந்த விளக்கத்தில் ஒரு செய்தி இருக்கிறது. சோதனை முழுவதையும் நிரல் நூலகமே செய்துவிடும் என்று அஞ்சல் அமைப்பை எழுதியவர்கள் எண்ணிக்கொண்டார்கள். எழுதியவர் யார் என்று ஒப்பிடும் சோதனையைத் தாங்கள் சேர்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தோன்றவில்லை.

அதைப் படித்தபோது "அப்படித்தாங்கய்யா விதி" என்ற குரல் எனக்கு மறுபடியும் கேட்டது. எங்கள் கையெழுத்து இதழ்களைத் திருட எவரும் வரப்போவதில்லை. ஆனால் தவறு ஒரே வகையானது. விதி எஞ்சுகிறது, விதி ஏன் வந்தது என்பது மறக்கப்படுகிறது, அந்த மறதியின் வழியே அடுத்த திருடன் நுழைகிறான்.

அறுபது ஆண்டுகளில் மாறாத உண்மை ஒன்றுண்டு. யாரையேனும் நம்பாமல் நுழைவு இல்லை. ஒற்றை உள்நுழைவு நம்பிக்கையின் தேவையை நீக்கவில்லை. நூறு இடங்களில் சிதறிக் கிடந்ததை ஓரிடத்தில் குவித்தது. 2021 அக்டோபர் 4ஆம் நாள் ஃபேஸ்புக் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கியது. அதன் கணக்கால் நுழைய வேண்டியிருந்த பிற தளங்களின் வாசல்களும் அன்று அடைபட்டன. 35 டாலர் கதையின் மறுபதிப்பு.

எங்கள் தளத்துக்கும் அப்படியொரு கதை உண்டு. அந்த இரண்டு மாலைகளும் கடவுச்சொல்லை நான் அடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருக்கிறது. தளத்தைக் கட்டிய மாணவரால் அதனுள் நுழைய முடியாது. படிப்பு முடிந்ததும் அவருடைய கல்லூரிக் கணக்கு மூடப்பட்டுவிட்டது. அந்த இதழ்களில் கதையும் கவிதையும் எழுதிய ஒருவருக்கும் இன்று அந்தக் கணக்கு இல்லை. தாம் எழுதிய பக்கத்தைத் தாமே பார்க்க முடியாத ஓர் ஏற்பாட்டைத்தான் நாங்கள் வெகு பாதுகாப்பாகக் கட்டியிருந்தோம். யாரை வழங்குநராக வைக்கிறோம் என்ற முதல் வரி, யாரை வெளியே நிறுத்துகிறோம் என்பதையும் சேர்த்தே முடிவுசெய்கிறது. யோர்தான் துறையின் பாடம் அதுதான்.

இப்போது மாற்றிவிட்டோம். இதழ்களைப் படிக்க எவருக்கும் நுழைவு தேவையில்லை; புதிதாகச் சேர்ப்பவர்களுக்கு மட்டுமே அது உண்டு. மாணவர் இன்னொன்றும் செய்தார். பத்து வரிகளில் ஒவ்வொன்றின் மேலும் அது ஏன் இருக்கிறது என்று தமிழில் ஒரு குறிப்பு எழுதிவைத்தார். திரும்பும் முகவரிக்கு மேலே இருக்கும் குறிப்பு மட்டும் சற்று நீளமானது. "கடைசியில் சாய்கோடு கூடாது" என்று அது தொடங்குகிறது.